கடல் கடந்த நோயும் உள்நாட்டுக் காப்பீடும்

வேலூருக்குத் தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், கமண்டல நாகநதியின் கரையில் உள்ளது எம் ஊராகிய ஆரணி. பொழுது புலருமுன்னரே தெருவெங்கும் தறியோசை எழும். குழித்தறியிற் கால் தொங்கவிட்டு அமர்ந்து நாடா எறியும் கைகள் நெய்த பட்டுப்புடைவை, சென்னைக்கும் பெங்களூருக்கும் செல்வதோடு நில்லாது, சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இலண்டனிலும் நம்மவர் இல்லத் திருமணங்களை அணிசெய்கின்றது. புடைவை கடல் கடத்தல் எளிது; ஒரு பெட்டியும் ஒரு முகவரியும் போதும். அதனை நெய்த மனிதர் கடல் கடக்கும்போதுதான் ஐயங்கள் பல எழுகின்றன. அவற்றுள் ஒன்றை யாம் சென்ற ஐப்பசித் திங்களில் நேரிற் கண்டோம். அதுவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய் ஆயிற்று.

எம் தெருவில், பெரியம்மா என்று யாம் அழைக்கும் அம்மையார் ஒருவர் உளர். வயது 61. அவர் கணவர் கூட்டுறவுச் சங்கத்திற்குப் பட்டு நெய்பவர். அம்மையாரோ முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தார் சுற்றியும் பாவு திருத்தியும் அவருடன் உழைத்தவர். ஒரே மகள் சிங்கப்பூரிற் கணவனோடு வாழ்கின்றாள். அவளுக்கு முதற் பேறு அணுகியது. தாய் உடனிருத்தல் வேண்டும் என்று மருமகன் விமானச் சீட்டும் அனுப்பிவிட்டார். புறப்பாட்டிற்குப் பன்னிரண்டு நாட்கள் இருக்கையில், ஒரு மாலைப்பொழுதில், பெரியம்மா ஒரு துணிப்பையைக் கொணர்ந்து எம் முன் வைத்தார். அதனுள் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஒன்றும், ஏஜண்டு ஒருவர் சொற்கேட்டு நான்கு ஆண்டுகளாகப் பிரீமியம் கட்டிவரும் தனிப் பாலிசி ஒன்றும், சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்திற்கும் உண்ணும் மாத்திரைகளின் சீட்டும் இருந்தன. “நீ தமிழ் ஆனர்ஸ் படிக்கிற பிள்ளை. இதெல்லாம் அந்த ஊர் ஆஸ்பத்திரியில செல்லுமா செல்லாதான்னு படிச்சுச் சொல்லு, தம்பி” என்றார். எங்கே நோயுற்றாலும் இது செல்லும் என்று அந்த ஏஜண்டு கூறியிருந்தாராம்.

இலக்கண நூற்பாக்களுக்கு உரை காணப் பழகிய எமக்கு இஃது எளிய பணி என்றே முதலில் எண்ணினோம். மூன்று இரவுகள் கழிந்தன. முடிவில் யாம் கண்ட விடை இரண்டே சொற்களில் அடங்கும்: இரண்டும் செல்லா. ஆயினும், ஏன் செல்லா என்பதை விளக்கிக் கூறாவிடில் பெரியம்மா ஏற்கமாட்டார். நம் கல்லூரி அன்பர்களும் ஏற்கமாட்டார்கள் என்றே நினைக்கின்றோம்.

வெளிநாட்டு மருத்துவம் என்னும்போது நாம் இருவேறு பொருள்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்கின்றோம். தமிழ்நாட்டு மக்களுக்கு அச்சொல் நினைவூட்டுவது, முதலமைச்சர் எம். ஜி. இராமச்சந்திரன் அவர்கள் 1984-ஆம் ஆண்டு அக்டோபரில் நோயுற்றுச் சென்னை அப்பல்லோ மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டு, நவம்பரில் நியூயார்க்கு நகரத்துப் புரூக்ளினுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, ஆங்குச் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை பெற்ற நிகழ்ச்சியே. இது சிகிச்சையை நாடிக் கடல் கடத்தல். மற்றொன்று, வேறு காரியமாகக் கடல் கடந்தவிடத்து நோய் நம்மை நாடி வருதல். நம் காலத்தில் முன்னது அரிது, பின்னது பெருவழக்கு. பேரப்பிள்ளையைக் காணச் செல்லும் பாட்டிக்கும், கட்டட வேலைக்குச் செல்லும் இளைஞனுக்கும், எருசலேமுக்குத் திருப்பயணம் செல்லும் முதியோர் குழுவுக்கும் நேரக்கூடியது இரண்டாவதே. காப்பீட்டுத் தாள்கள் இவ்விரண்டையும் வெவ்வேறாகவே நடத்துகின்றன என்பதைப் பின்னர்க் காண்போம்.

மக்கள் பெரும்பாலோர் காப்பீடு என்பதை நோயைப் பற்றிய ஒப்பந்தம் என்று கருதுகின்றனர். இந்த நோய்க்கு உண்டு, அந்த நோய்க்கு இல்லை என்ற அளவிலேயே அவர்தம் ஆராய்ச்சி முடிந்துவிடுகின்றது. உண்மையில் அஃது இடத்தையும் காலத்தையும் பற்றிய ஒப்பந்தமும் ஆகும். தறியில் ஏற்றிய பாவின் நீளம் எத்தனை புடைவைக்கோ அத்தனையே நெய்யலாம்; நாடா எவ்வளவு விரைந்தோடினும் பாவு முடிந்தவிடத்தில் நெசவு நின்றுவிடும். பாலிசிக்கும் அத்தகைய எல்லை உண்டு. பெரியம்மாவுக்கு இதனைச் சொன்னபோது அவர் உடனே விளங்கிக்கொண்டார். “அப்போ இந்தப் பாவு எங்க முடியுது, அதைக் காட்டு” என்றார்.

முதலில் அரசின் அட்டையை எடுத்துக்கொண்டோம். நெசவாளர்க்கு மருத்துவக் காப்பீடு புதியதன்று. கைத்தறி நெசவாளர்க்கென்றே நடுவணரசு 2005-06-ஆம் ஆண்டில் ஒரு காப்பீட்டுத் திட்டம் கொணர்ந்தது. நெசவாளி, அவர் வாழ்க்கைத்துணை, இரு பிள்ளைகள் ஆகிய நால்வர்க்கும் சேர்த்து ஆண்டுக்கு 15,000 ரூபாய் என்பது அதன் வரம்பு. அதிற் பாதியாகிய 7,500 ரூபாய் வரை, படுக்கையிற் சேராமலே பெறும் மருத்துவத்திற்குச் செலவிடலாம். மூட்டுவலியும் கண்ணோவும் தொழிலோடு பிறந்தனவாக உடைய நெசவாளர்க்கு அந்தப் பாதி பெரிதும் பொருந்தியதே. அத்திட்டம் இன்று இல்லை. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கிற்று. அதனை அடுத்து 2012-ஆம் ஆண்டு ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2018-இல் நடுவணரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு அஃது இணைக்கப்பெற்றபின், குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை என வரம்பு உயர்ந்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பங்களுக்கு உரியது அது. பிரீமியத்தை அரசே செலுத்துகின்றது.

இந்த 5 இலட்சம் என்னும் எண்ணே பெரியம்மாவை மயக்கியது. ஐந்து இலட்சத்தைக் கையிற் கொண்டு செல்வதாகவே அவர் எண்ணியிருந்தார். ஆனால் அத்தொகை எவர் கையிலும் தரப்படுவதன்று. அரசும் காப்பீட்டு நிறுவனமும் ஒப்புக்கொண்ட மருத்துவமனைகள் ஒரு பட்டியலில் உள்ளன. ஒப்புக்கொண்ட சிகிச்சைகள் மற்றொரு பட்டியலில் உள்ளன. ஒவ்வொரு சிகிச்சைக்கும் இத்தனை ரூபாய் என முன்னரே விலை வரையறுக்கப்பட்டுள்ளது. நோயாளி அட்டையைக் காட்டுகின்றார். மருத்துவமனை முன் ஒப்புதல் பெறுகின்றது. பணம் நிறுவனத்திடமிருந்து மருத்துவமனைக்கு நேரே செல்கின்றது. இம்மூன்று கண்ணிகளுள் ஒன்று அறுந்தாலும் அட்டை வெறும் அட்டையே. சிங்கப்பூர் மருத்துவமனை எதுவும் அப்பட்டியலில் இல்லை; ஆங்கு நம் விலை வரையறை செல்லாது; முன் ஒப்புதல் தருவாரும் இலர். எனவே, அட்டையைச் செல்லாததாக்குவது ஒருவருடைய கடுமையன்று. அதனைச் செல்லுபடியாக்கும் ஏற்பாடு கடலுக்கு அப்பால் இல்லை என்பதே காரணம். ஆயுஷ்மான் பாரத் திட்டம் தன் பயனாளிகளுக்கு மாநில எல்லையைத் தாண்டிச் செல்லும் உரிமை தருகின்றது. ஆனால் நாட்டெல்லையைத் தாண்டும் உரிமை தரவில்லை. ஆலைத் தொழிலாளர்க்கு உரிய ஈ. எஸ். ஐ. என்னும் ஏற்பாடும், தன் மருத்துவமனைகளையும் தான் ஒப்பந்தம் செய்த மருத்துவமனைகளையும் பற்றி நிற்பதாதலின், அதன் நிலையும் ஏறக்குறைய இதுவே.

அடுத்து, தனிப் பாலிசி. நம் நாட்டிற் பொதுக் காப்பீட்டுத் தொழில் 1973-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாட்டுடைமை ஆயிற்று. அப்போது அமைந்த நான்கு அரசு நிறுவனங்களுள் ஒன்று சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா. இந்நிறுவனங்கள் 1986-இல் ‘மெடிகிளெய்ம்’ என்னும் பாலிசியைக் கொணர்ந்தன. நாம் இன்று காணும் தனியார் பாலிசிகள் பெரும்பாலும் அதன் வழித்தோன்றல்களே. எனவே அதன் எல்லையும் மரபுரிமையாக வந்திருக்கின்றது. சிகிச்சை இந்தியாவினுள் பெறப்படல் வேண்டும், பணம் இந்திய நாணயத்திலேயே தரப்படும் என்பன அம்மரபின் அடிப்படை விதிகள். எல்லா நிறுவனங்களும் ஒரே வாசகத்தில் விற்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020-இல் வகுத்த ‘ஆரோக்கிய சஞ்சீவனி’ என்னும் பொதுப் பாலிசியிலும், இந்திய நிலவெல்லைக்குப் புறத்தே பெறும் சிகிச்சைக்குப் பணம் இல்லை என்பது விலக்குகளுள் ஒன்றாக நிற்கின்றது.

பெரியம்மாவின் பாலிசியில் இவ்விதி எங்கிருந்தது என்பதையும் சொல்லவேண்டும். முதற்பக்கத்தில் அவர் பெயரும் தொகையும் தடித்த எழுத்தில் இருந்தன. விலக்குகள் என்னும் பகுதி இருபது பக்கங்களுக்கு அப்பால் நுண்ணெழுத்தில், ஆங்கிலத்தில் இருந்தது. அப்பகுதியின் கடைசியை ஒட்டி, ஒரே வரியில், இந்த எல்லை சொல்லப்பட்டிருந்தது. நான்கு ஆண்டுகள் பிரீமியம் கட்டிய ஒருவர் அவ்வரியை ஒருமுறையும் கண்டதில்லை, கண்டிருப்பினும் படிக்கவியலாது. ஆணையம் 2024-ஆம் ஆண்டு ஜனவரி முதல், பாலிசியின் சாரத்தை எளிய நடையில் ஒரு தகவற்றாளாகத் தரவேண்டும் என்றும், வேண்டுவோர்க்கு அவர்தம் மொழியிலேயே தரவேண்டும் என்றும் விதித்திருக்கின்றது. கேட்டாற்றான் கிடைக்கும் என்பது கருத்து. தமிழிற் கேட்கும் பழக்கம் நம்மிடையே மிகக் குறைவு; தமிழை விருப்பப் பாடமாகக் கொண்ட எம் போன்றோரும் வங்கியிலும் காப்பீட்டு நிலையத்திலும் ஆங்கிலத் தாளில் ஒப்பமிட்டுத் திரும்புகின்றோம். இதில் யாம் எம்மையும் சேர்த்தே குறை கூறுகின்றோம்.

விதிக்கு விலக்கு இல்லையோ எனின், உண்டு. அண்மை ஆண்டுகளில் உயர்ந்த பிரீமியம் பெறும் சில பாலிசிகள் உலகளாவிய பாதுகாப்பு என்று விளம்பரம் செய்கின்றன. அத்தகைய பாலிசி ஒன்றை உடையோர், முன்னர்க் கூறிய இருவகை வேறுபாட்டை மனத்திற்கொண்டு படித்தல் வேண்டும். சில, வெளிநாட்டில் இருக்கையில் திடீரென நேரும் நோய்க்கு மட்டும் பணம் தருவன. வேறு சில, அதற்குத் தாராமல், இந்தியாவிலேயே கண்டறியப்பட்ட நோய்க்கு முன் ஒப்புதல் பெற்று வெளிநாடு சென்று சிகிச்சை பெறுவோர்க்கு மட்டும் தருவன. இரண்டாம் வகைப் பாலிசியைக் கையிற் கொண்டு, சிங்கப்பூரிற் படிக்கட்டிற் சறுக்கி விழுந்து எலும்பு முறிந்தவர் ஒரு காசும் பெறமாட்டார். சிலவற்றில் அமெரிக்காவும் கனடாவும் விலக்கப்பட்டிருக்கும். பணத்தை முதலில் நாமே செலுத்திப் பின்னர்ப் பெறுவதா, மருத்துவமனைக்கு நேரே செல்வதா என்பதும் பாலிசிக்குப் பாலிசி வேறுபடும். உலகளாவிய என்னும் சொல் பெரியது. அதன் உரை சிறியது.

பிற நாட்டாரும் இதே எல்லையில் முட்டிக்கொள்கின்றனர். அமெரிக்காவில் 65 வயது கடந்தோர்க்கென 1965-இற் சட்டமான மெடிக்கேர், மிகச் சில நிலைகள் நீங்கலாக, அந்நாட்டுக்கு வெளியே பெறும் மருத்துவத்திற்குப் பணம் தருவதில்லை. தொல்லூரைக் காண வரும் அமெரிக்கத் தமிழ் முதியோர் இதனை அறிதல் நலம். சுவிட்சர்லாந்தின் கட்டாயக் காப்பீடோ, வெளிநாட்டில் நேரும் அவசரச் சிகிச்சைக்குத் தன் நாட்டுச் செலவைப் போல் இருமடங்கு வரை தருகின்றது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் தமக்குள் ஓர் அட்டையை ஒப்புக்கொண்டு, ஒரு நாட்டார்க்கு மற்றொரு நாட்டார் பொது மருத்துவம் அளிக்கின்றன. யாம் படித்தவற்றுள் எம்மை மிகவும் ஈர்த்தது மாலத்தீவின் ‘ஆசந்தா’ என்னும் தேசியக் காப்பீடு. 2012-இல் தொடங்கிய அது, தீவுகளிற் கிடைக்காத சிகிச்சைக்காகத் தன் மக்களை இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள, தான் ஒப்பந்தம் செய்துகொண்ட மருத்துவமனைகளுக்கு அனுப்பிப் பணம் செலுத்துகின்றது. ஓர் உள்நாட்டுக் காப்பீடு கடல் கடந்து செல்வதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. கடலுக்கு இப்பால் ஒரு மருத்துவமனையோடு ஏற்பாடு இருக்கின்றது, அதனாற் செல்கின்றது.

இதன் மறுபக்கத்தை ஆரணியார் அடிக்கடி காண்கின்றோம். எம் ஊரிற் பெருநோய் எனின் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே ஓடுவர். 1900-ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே படுக்கையோடு தொடங்கியது அது. அவர் பாட்டனாராகிய ஜான் ஸ்கடர் 1819-இல் அமெரிக்காவினின்று கப்பலேறி யாழ்ப்பாணம் வந்த மருத்துவர். அக்காலத்தில் மருத்துவம் கடல் கடந்து நம்மிடம் வந்தது. இக்காலத்தில் நோயாளிகள் எல்லை கடந்து அம்மருத்துவத்தை நாடி வருகின்றனர். மருத்துவமனையைச் சூழ்ந்த தெருக்களில் விடுதிகளின் பெயர்ப்பலகைகள் வங்காள எழுத்தில் உள்ளன. வங்காளதேசத்தினின்று வருவோர் அத்துணை மிகுதி. பூட்டான் அரசு தன் நாட்டிற் சிகிச்சை அளிக்கவியலாத நோயாளிகளைத் தன் செலவிலேயே இந்திய மருத்துவமனைகளுக்கு அனுப்புகின்றது. வேலூரும் அவற்றுள் ஒன்று. ஒரே கூடத்தில் அமர்ந்திருக்கும் இரு அயல்நாட்டாருள், ஒருவர்க்குப் பின்னால் அவர் நாட்டு அரசு நிற்கின்றது. மற்றவர் நிலம் விற்ற பணத்தை இடுப்பில் முடிந்து வந்திருக்கின்றார். யாம் எம் பாட்டனாரோடு அக்கூடத்திற் காத்திருந்த நாட்களில் இவ்வேறுபாட்டை அறிந்தோமில்லை. பெரியம்மாவின் பையைத் திறந்த பின்னரே அது விளங்கிற்று. சிங்கப்பூரில் அவர் இரண்டாமவர் ஆகிவிடுவார்.

பிழைப்பிற்காகக் கடல் கடப்போர் நிலை சிறிது வேறு. பத்தாம் வகுப்புத் தேறாதோர் வளைகுடா முதலிய குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும்போது, ‘பிரவாசி பாரதீய பீமா யோஜனா’ என்னும் காப்பீட்டை எடுத்தே தீரவேண்டும். 2003-இல் தொடங்கி, 2017-இல் திருத்தப்பெற்ற இத்திட்டத்திற்கு இரண்டு ஆண்டுகளுக்கு 275 ரூபாயும், மூன்று ஆண்டுகளுக்கு 375 ரூபாயும் பிரீமியம். விபத்தில் இறப்போ நிலையான ஊனமோ நேரின் 10 இலட்சம் ரூபாய் கிடைக்கும். மருத்துவமனைச் செலவிற்கு வரம்பு 1 இலட்சம். அதிலும் ஒருமுறைக்கு 50,000 ரூபாய்க்கு மேல் இல்லை. எனவே, இறப்பிற்கு உதவும் அளவிற்கு அது நோய்க்கு உதவாது. நோய்க்கு உண்மையான துணை, சென்ற நாட்டின் சட்டமே. சிங்கப்பூரில் ‘ஒர்க் பெர்மிட்டு’, ‘எஸ் பாஸ்’ உடைய தொழிலாளர்க்கு முதலாளி மருத்துவக் காப்பீடு எடுத்தல் கட்டாயம். ஆண்டுக்கு 15,000 சிங்கப்பூர் வெள்ளியாக இருந்த வரம்பு, 2023-ஆம் ஆண்டு ஜூலை முதல் 60,000 வெள்ளியாக உயர்ந்தது. நம் நாணயத்தில் இது 35 இலட்சம் ரூபாயினும் மிக்கது. அமீரகத்தில் அபுதாபியும் துபாயும் முன்னரே இவ்வாறு விதித்தன. 2025-ஆம் ஆண்டு ஜனவரி முதல் எஞ்சிய அமீரகங்களுக்கும் அது விரிந்தது. ஆதலின், வேலைக்குச் செல்லும் எம் ஊர் இளைஞர் விமானம் ஏறுமுன் கேட்கவேண்டிய முதற் கேள்வி, ‘என் பெயரில் காப்பீட்டு அட்டை எப்போது வரும்?’ என்பதே. ஆனால் ஒன்று: தொழிலாளிக்கு உள்ள காப்பீடு அவரைக் காணவரும் தாய்க்கு இல்லை.

மேற்படிப்பிற்குச் செல்ல எண்ணும் நம் கல்லூரி நண்பர்களுக்கும் ஒரு சொல். பிரிட்டனுக்குச் செல்லும் மாணவர் விசாவோடு சேர்த்து ஆண்டுக்கு 776 பவுன் மருத்துவக் கட்டணம் செலுத்தி, அந்நாட்டுப் பொது மருத்துவத்தைப் பெறுகின்றார். ஆனால் அவரைக் காணச் செல்லும் பெற்றோர் அக்கட்டணம் செலுத்துவோர் அல்லர். மருத்துவமனையிற் சேர்ந்தால் அந்நாட்டு விலையில் ஒன்றரை மடங்கு தரவேண்டும். ஆஸ்திரேலியா, மாணவர் விசாவிற்கே தன் நாட்டுக் காப்பீடொன்றைக் கட்டாயமாக்கியுள்ளது. பிரான்சு, ஜெர்மனி முதலிய ஷெங்கன் நாடுகளுக்குக் குறுகிய பயணம் செல்வோர், 30,000 யூரோவிற்குக் குறையாத பயண மருத்துவக் காப்பீடு காட்டினாலன்றி விசா பெறார். அந்நாடுகள் கேட்டு வாங்குகின்றன. ஆதலின் யாரும் மறப்பதில்லை. சிங்கப்பூரும் அமெரிக்காவும் காணவரும் உறவினரிடம் அதனைக் கேட்பதில்லை. எனவே இவற்றிற்குச் செல்வோரே பெரும்பாலும் வெறுங்கையோடு செல்கின்றனர்.

இனிப் பெரியம்மாவுக்கு எஞ்சியிருந்த வழி, புறப்படுமுன் இந்தியாவிலேயே எடுக்கவேண்டிய பயணக் காப்பீடு ஒன்றே. இது நாட்கணக்கில் விற்கப்படுவது. தொகை டாலரில், 50,000, 1,00,000 என்றவாறு அமையும். வயது ஏற ஏறப் பிரீமியமும் ஏறும். நோயுற்றால் மருத்துவமனைக்குச் சென்றவுடன், அல்லது செல்லுமுன்பே, பாலிசியில் அச்சிட்ட தொலைபேசி எண்ணிற்கு அறிவித்தல் வேண்டும். அறிவியாமற் செலவிட்டுவிட்டுப் பின்னர்க் கேட்பது பெரும் வழக்கிற்கு இடமாகும். செலவின் முதற் பகுதி, நூறு டாலர் போன்ற ஒரு சிறு தொகை, நம்முடையதாகவே நிற்கும். நோயாளியை ஊருக்கு மீட்டுக் கொணரும் செலவும், இறப்பு நேரின் உடலைக் கொணரும் செலவும் இதில் அடங்கியிருக்கும். இப்பகுதியைப் படிக்கையில் யாம் குரலைத் தாழ்த்திக்கொண்டோம். பெரியம்மாவோ சிறிதும் கலங்காமல், “அதையும் சத்தமாப் படி, அதுக்குத்தானே கேக்குறேன்” என்றார். இந்தியத் தூதரகங்களில் 2009 முதல் சமூக நல நிதி ஒன்று உண்டு. வேறு வழியற்று வருந்துவோர்க்கு அவசர மருத்துவத்திற்கும் உடலை அனுப்பவும் அது துணைநிற்கின்றது. அஃது இரக்கத்தால் தரும் உதவியே யன்றிக் காப்பீடாகாது.

இடர் முழுதும் சர்க்கரை நோயில் இருந்தது. பயணப் பாலிசிகள் முன்னரே உள்ள நோயையும் அதன் விளைவுகளையும் பெரும்பாலும் விலக்குகின்றன. சில, அவற்றால் உயிருக்கே இடர் நேர்ந்தவிடத்து மட்டும் ஒரு வரம்பிற்குட்பட்டுத் தருகின்றன. விண்ணப்பத்தில் ‘சர்க்கரை, இரத்த அழுத்தம் உண்டா?’ என்ற வினா வந்தபோது, பெரியப்பா, “இல்லைன்னு போட்டுடு தம்பி, மாத்திரையிலே எல்லாம் கட்டுக்குள்ளதான் இருக்குது” என்றார். அவர் அஞ்சியது பிரீமியம் ஏறும் என்பதற்கே. சங்கத்தில் வாங்கிய முன்பணத்தினின்றே அத்தொகை வரவேண்டியிருந்தது. யாம் மறுத்தோம்.

இவ்விடத்தில் ஒரு பழைய வழக்கைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. சுமத்திராத் தீவின் பென்கூலன் என்னும் இடத்தில் கிழக்கிந்தியக் கும்பினியாரின் கோட்டைக்குத் தலைவராயிருந்த கார்ட்டர் என்பவர், பகைவர் அதனைக் கைப்பற்றுவதற்கு எதிராக இலண்டனிற் காப்பீடு எடுத்தார். பிரெஞ்சுக்காரர் 1760-இற் கோட்டையைப் பிடித்துவிட்டனர். கோட்டையின் வலியின்மையை அவர் மறைத்தார் என்று காப்பீட்டாளர் பணம் தர மறுத்தார். 1766-இல் தீர்ப்பளித்த மான்ஸ்பீல்டு பிரபு, காப்பீடு கேட்பவர் தாம் மட்டும் அறிந்ததை மறைத்தல் ஆகாது என்னும் விதியை நிலைநாட்டினார். ஆயினும், கோட்டையின் நிலையைக் காப்பீட்டாளரே விசாரித்து அறிந்திருக்கலாம் என்று கூறிக் கார்ட்டரை வெல்வித்தார். நம் விண்ணப்பத்தில் அந்த இரண்டாம் பகுதிக்கு இடமில்லை. நிறுவனம் வினவியே விட்டது. ‘இல்லை’ என்று எழுதிய பின்னர், மாரடைப்பே நேரினும், வேலூர் மாத்திரைச் சீட்டு ஒன்று வெளிப்பட்டால் பாலிசி முழுதும் வீழ்ந்துவிடும். ‘உண்டு’ என்று எழுதினால் சர்க்கரை சார்ந்த பகுதி மட்டுமே குறையும். கால் முறிவும் காய்ச்சலும் நச்சுணவும் பாதுகாப்பில் நிற்கும். இதனைச் சொன்னபோது பெரியப்பா நெடுநேரம் தறியையே நோக்கியிருந்தார். பின்னர், “உண்டுன்னே போடு” என்றார்.

மூன்று நிறுவனங்களின் தாள்களை ஒப்பிட்டோம். மிகக் குறைந்த விலைக்கு விற்றது, முன் நோயால் உயிரிடர் நேரினும் ஒன்றும் தாராதது. அதனைவிட விலை மிக்கது, அந்நிலையில் ஒரு வரம்பு வரை தருவது. இரண்டாவதையே எடுத்தனர். முப்பத்தைந்து நாட்களுக்கு எடுத்த அப்பாலிசியின் முதற்பக்கத்திற் பின்னூசி குத்தி, மாத்திரைச் சீட்டையும் மருத்துவரின் கடிதத்தையும் இணைத்து, அவசரத் தொலைபேசி எண்ணைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி யாம் பையில் வைத்தோம். முதலமைச்சர் அட்டையைப் பெரியம்மா வீட்டிலேயே விட்டுச் சென்றார். அவர் இல்லாத நாட்களிற் பெரியப்பாவுக்கு அது வேண்டியிருக்கும் அன்றோ.

மகளுக்கு அறுவையினால் ஆண்குழந்தை பிறந்தது. தாய் இன்னும் சின்னாள் இருக்கவேண்டும் என்று அங்கே விசிட் பாஸின் காலத்தை நீட்டிக்கொண்டனர். பாலிசியின் காலத்தை நீட்ட ஒருவரும் நினைக்கவில்லை. முப்பத்துமூன்றாம் நாள் மாலை, விடுதிக்குத் தொலைபேசி வந்தபோது, குழந்தையின் நிறத்தையும் அழுகையையும் பற்றிக் கேட்டு முடித்தபின் யாம் தேதியைக் கேட்டோம். காலம் முடியுமுன்னரே நீட்டிப்புக் கேட்கவேண்டும், அதுவரை நோய் எதுவும் நேரவில்லை என்று உறுதி கூறவேண்டும், முடிந்த பின்னர்க் கேட்டாற் கிடைக்காது என்று சொன்னோம். மறுநாள் முற்பகலிலேயே மருமகன் பணம் செலுத்தி, இன்னும் இருபது நாட்களுக்கு நீட்டித்த தாளை எமக்கு அனுப்பினார். இக்கட்டுரையை அச்சுக்குத் தரும் இன்று, அந்த இருபதில் ஒன்பது நாட்கள் எஞ்சியுள்ளன.